மெக்ஸிகோ சுவரோவியத்துல இருக்கற அரசியலைப் படிக்கறது எப்படி

மெக்ஸிகோ ஓவியர் டியேகோ ரிவேராவோட பெரிய ம்யூரல், அதாவது சுவரோவியம், ஏதாவது ஒண்ணை ஃபோன்ல முதல் தடவை திறந்து பாக்கறவங்க எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்றாங்க, ஒரே கூட்டமா இருக்கு, யாரு யாருன்னு தெரியல, எங்கேர்ந்து பாக்க ஆரம்பிக்கறதுன்னு புரியல. எனக்கும் ஆரம்பத்துல அப்படித்தான் இருந்துச்சு. ரொம்ப நாள் நான் என்ன பண்ணேன்னா, படத்துல அரிவாள் சுத்தியல் எங்க இருக்கு செங்கொடி எங்க இருக்குன்னு தேடுவேன், கண்டுபிடிச்சதும் சரி இது கம்யூனிஸ்ட் படம்னு முடிவு கட்டிட்டு அடுத்த படத்துக்குப் போயிடுவேன். அப்படிப் பாத்தா இந்த ஓவியர்கள் சொல்ல வந்ததுல முக்காவாசி கைநழுவிப் போயிடுது. கொடி கண்ணுக்கு உடனே தெரியும், ஆனா எந்தக் கட்டடத்துல வரைஞ்சாங்க, யாரை மேல வச்சாங்க யாரைக் கீழ வச்சாங்க, எந்தச் சாமி படத்தோட சாயல்ல ஒரு கூலி ஆளை நிக்க வச்சாங்க, அப்புறம் யாரு வந்து அதை அழிச்சாங்க, அவங்க அரசியல் முழுக்க அங்கதான் உக்காந்திருக்கு. ரிவேரா, ஒரோஸ்கோ, சிக்கேரோஸ்னு மெக்ஸிகோ சுவரோவியத்தோட மூணு பெரிய ஓவியர்களையும் நான் இப்ப எப்படிப் பாக்கறேன்னு எழுதறேன், நீங்களும் ஒரு படத்தைத் திறந்து வச்சுகிட்டே படிங்க.

முதல்ல சுவரு யாருதுன்னு கேளுங்க

1910ல மெக்ஸிகோல புரட்சி வெடிச்சுது. அதுக்கு முன்னாடி போர்ஃபிரியோ டியாஸ்ங்கறவரு முப்பது வருஷத்துக்கும் மேல நாட்டைக் கைக்குள்ள வச்சிருந்தாரு, நிலமெல்லாம் பெரிய பண்ணைக்காரங்ககிட்ட, சுரங்கமும் எண்ணெய்க் கிணறும் பெரும்பாலும் வெளிநாட்டுக் கம்பெனிகிட்ட. பத்து வருஷம் சண்டை நடந்து, லட்சக்கணக்குல ஜனங்க செத்து, 1920ல ஆல்வரோ ஓப்ரெகோன் ஜனாதிபதி ஆனாரு. அடுத்த வருஷம் ஹோசே வாஸ்கொன்செலோஸ் கல்வி மந்திரி ஆனாரு. நாட்டுல பெரும்பாலானவங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாத காலம் அது. அவரு கிராமத்துக்கு வாத்தியார்களை அனுப்பினாரு, நூலகம் திறந்தாரு, கூடவே அரசாங்கக் கட்டடத்துச் சுவரையெல்லாம் ஓவியர்களுக்குக் கொடுத்தாரு. 1922ல மெக்ஸிகோ சிட்டில சான் இல்டெஃபோன்சோங்கற பழைய கட்டடத்துல, அப்ப அது பசங்க படிக்கற நேஷனல் பிரிப்பரேட்டரி ஸ்கூல், அங்கதான் வேலை ஆரம்பிச்சுது.

ஆக சுவரு அரசாங்கத்தோடது, சம்பளமும் அரசாங்கத்தோடது. ஆனா வர்க்கப் போராட்டத்தை வரைங்கன்னு மந்திரி கேக்கவே இல்ல. ரிவேரா அங்க முதல்ல வரைஞ்ச 'படைப்பு'ங்கற ம்யூரலைப் பாருங்க, தலைக்குப் பின்னாடி ஒளிவட்டத்தோட பொண்ணுங்க உக்காந்திருப்பாங்க, சர்ச்சுல இருக்கற படம் மாதிரியே இருக்கும், அரசியல்னு பெருசா ஒண்ணும் கிடையாது. அப்புறம்தான் திசை மாறுது. 1922 கடைசியில ஓவியர், சிற்பி, கூட வேலை பாக்கறவங்க எல்லாரும் சேந்து ஒரு யூனியன் ஆரம்பிச்சாங்க, அதுக்கு சிக்கேரோஸ் எழுதின அறிக்கை 1924ல அவங்க பத்திரிகையான எல் மச்செத்தேல வந்துச்சு. பணக்காரங்க வீட்டு ஹாலுக்காக ஃப்ரேம் போட்டு வரையற படம் எங்களுக்கு வேணாம், ஊரே பாக்கற, ஊருக்கே சொந்தமான பெரிய கலைதான் வேணும்னு அதுல சொன்னாங்க. சுவரைப் பேத்து எடுத்து ஒருத்தரு தன் வீட்டுக்குக் கொண்டு போய் மாட்டிக்க முடியாது, அதை ஏலத்துல விட முடியாது. அதனால சுவத்துல வரையறதுங்கற முடிவே ஒரு அரசியல் முடிவுதான், படத்துல என்ன இருக்குங்கறது அதுக்கப்புறம்.

அதனால எந்தப் படத்தைத் திறந்தாலும் முதல்ல அது எந்தக் கட்டடம், எந்த வருஷம், யாரு காசு கொடுத்தாங்கன்னு பாத்துக்குங்க. குவெர்னவாகா ஊர்ல, மெக்ஸிகோவைப் பிடிச்ச ஸ்பெயின் தளபதி கோர்தேஸ் கட்டின அரண்மனையிலயே ஸ்பெயின்காரங்க பண்ண கொடுமையையும் புரட்சியில விவசாயிங்களோட தலைவரா இருந்த சபாட்டா வெள்ளைக் குதிரையோட நிக்கறதையும் 1929, 1930ல ரிவேரா வரைஞ்சாரு, காசு கொடுத்தது அமெரிக்கத் தூதர் டுவைட் மாரோ. இது தெரிஞ்சப்புறம் அந்தப் படத்தை முன்ன மாதிரி பாக்கவே முடியாது.

சுண்ணாம்பை மறந்துடாதீங்க

இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா இதை விட்டா படத்துல பாதி புரியாது. ரிவேரா பண்ணது ஃப்ரெஸ்கோ. கொத்தனார் சுவத்துல மூணு நாலு பூச்சு பூசுவாரு, கடைசிப் பூச்சை மட்டும் அன்னிக்கு ஒரு நாள்ல எவ்வளவு வரைய முடியுமோ அந்த அளவுக்குத்தான் பூசுவாரு. அது ஈரமா இருக்கும்போதே தண்ணியில குழைச்ச கலரைத் தடவணும். சுண்ணாம்பு காத்துல இருக்கற கார்பன் டை ஆக்ஸைடை இழுத்துகிட்டு கல்லா இறுகும், கலரும் அதுக்குள்ளயே மாட்டிக்கும், அப்புறம் துடைச்சாலும் போகாது. பதம் போறதுக்குள்ள வரைஞ்சு முடிக்கலைன்னா அந்தப் பூச்சைக் கொத்தி எடுத்துட்டு மறுநாள் புதுசா பூசணும். நல்ல ரெசல்யூஷன் ஃபோட்டோ கிடைச்சா ஜூம் பண்ணிப் பாருங்க, ஒரு உருவத்தோட தோளையோ தொப்பியையோ ஒட்டி மெல்லிசா ஒரு கோடு ஓடும், அதுதான் ஒரு நாள் வேலை முடிஞ்சு அடுத்த நாள் வேலை ஆரம்பிச்ச இடம். எனக்கு அந்தக் கோட்டைப் பாக்கும்போதெல்லாம் மனசு என்னவோ பண்ணும், சாரத்து மேல கொத்தனாரும் ஓவியரும் பக்கத்துல பக்கத்துல நின்ன ஒரு முழு நாள் அப்படியே சுவத்துல பதிஞ்சு கிடக்கு.

கல்வித் துறைக் கட்டடத்துல வரையும்போது ரிவேரா கலர்ல சப்பாத்திக்கள்ளிச் சாறைக் கலந்து பாத்தாரு, பழைய மெக்ஸிகோ ஆளுங்களோட முறைன்னு பேச்சு வேற கிளம்புச்சு, ஆனா அந்தச் சாறு கெட்டுப் போய் சுவத்துல கறை விழுந்ததால அதை விட்டுட்டாங்க. தோத்துப் போனாலும் அந்த முயற்சியில அவங்க மனசு தெரியுது, ஐரோப்பாலேர்ந்து வந்த வித்தையையும் தங்களோட மண்ணுல கிடைக்கற பொருளை வச்சே பண்ணணும்னு நினைச்சிருக்காங்க.

நடந்து பாருங்க, முடிஞ்சா படி ஏறிப் பாருங்க

ஃபோட்டோல ம்யூரல் தட்டையா தெரியும், அதுதான் பெரிய கஷ்டம். கட்டடத்தோட பிளானையோ ஒரு வீடியோவையோ பக்கத்துல வச்சுக்குங்க. இதுக்கு நான் எப்பவும் எடுத்துக்கற உதாரணம் மெக்ஸிகோ சிட்டி நேஷனல் பேலஸ் படிக்கட்டு, 1929லேர்ந்து 1935 வரைக்கும் ரிவேரா வரைஞ்ச மெக்ஸிகோ வரலாறு. ஜனாதிபதியோட மாளிகை அது, நினைவுல இருக்கட்டும்.

படிக்கட்டுக்குக் கீழ நின்னு நிமிந்து பாத்தா நேர் சுவத்துல நடுவுல ஒரு கழுகு கள்ளிச்செடி மேல உக்காந்திருக்கும், அது அந்த நாட்டோட சின்னம். அதுக்குக் கீழ ஸ்பெயின்காரங்க இரும்புக் கவசமும் குதிரையுமா, எதிர்ல சிறுத்தைத் தோலும் கழுகு முகமூடியும் போட்ட, அந்த மண்ணை ஆண்டுகிட்டிருந்த ஆஸ்டெக் வீரர்கள், ஒருத்தரு மேல ஒருத்தரு விழுந்து குத்திக்கறாங்க, மூச்சு விட இடமில்லாத நெரிசல். மேல வளைவு வளைவா போகும்போது 1810 விடுதலைப் போராட்டம் வருது, அதை ஆரம்பிச்ச இடால்கோ பாதிரியார் வர்றாரு, ஒரு ஓரத்துல அமெரிக்கப் படையெடுப்பு, இன்னொரு ஓரத்துல பிரெஞ்சுக்காரங்க, நடு வளைவோட உச்சியில 'நிலமும் சுதந்திரமும்'னு எழுதின துணியோட சபாட்டா ஆளுங்க. வலது பக்கச் சுவத்துல ஸ்பெயின்காரங்க வர்றதுக்கு முந்தின உலகம், நடுவுல கெட்சல்கோவாட்ல்ங்கற பழைய சாமி, மேல சூரியன் தலைகீழா. இடது பக்கச் சுவத்துல அவரு வரைஞ்ச காலத்து மெக்ஸிகோ, இனிமே வரப் போற மெக்ஸிகோ.

இப்ப அந்த இடது சுவத்தோட உச்சியைப் பாருங்க. கார்ல் மார்க்ஸ் நிக்கறாரு, ஒரு கையில காகிதம், மனுஷ சமுதாயத்தோட வரலாறு முழுக்க வர்க்கப் போராட்டம்தான்னு அதுல ஸ்பானிஷ்ல எழுதியிருக்கு, இன்னொரு கை தூரத்துல ஒரு புது ஊரைக் காட்டுது. ஒரு சர்ச்சுல கிறிஸ்துவையோ பிதாவையோ எங்க வைப்பாங்களோ அந்த இடம் அது. கீழேர்ந்து மேல வரைக்கும் நெளிஞ்சு நெளிஞ்சு குழாய் மாதிரி ஒரு அமைப்பு ஓடும், அதுக்குள்ள அறை அறையா, ஒண்ணுல முதலாளிங்க பங்கு விலை அச்சாகி வர்ற காகித நாடாவைச் சுத்தி உக்காந்திருப்பாங்க, இன்னொண்ணுல முன்னாள் ஜனாதிபதி காயெஸ் ஒரு ஜெனரலோடயும் ஒரு பாதிரியாரோடயும். ஜனாதிபதி மாளிகைச் சுவத்துல போன ஜனாதிபதியையே அப்படி வரைஞ்சிருக்காரு. கீழ ரிவேராவோட மனைவி, ஓவியர் ஃப்ரீடா காலோவும் அவங்க தங்கச்சி கிறிஸ்டினாவும் குழந்தைங்களோட இருப்பாங்க, ஃப்ரீடா கழுத்துல சிவப்பு நட்சத்திரம்.

நீங்க ஒவ்வொரு படியா ஏற ஏற வரலாறும் உங்க கூடவே மேல ஏறுது. முடிவுல எங்க போய்ச் சேரணும்னு ரிவேரா உங்க காலை வச்சே சொல்லிட்டாரு. இதை ஒப்புக்கணும்னு இல்ல, எனக்கே அந்த நேர்கோட்டு நம்பிக்கை முழுசா ஒட்டல, ஆனா படிக்கட்டையே ஒரு வாதமா மாத்தினதை அசந்து போய்த்தான் பாக்கறேன்.

சாமி படத்தைத் தேடுங்க

மெக்ஸிகோ ஜனங்க நானூறு வருஷமா கத்தோலிக்கப் படங்களைப் பாத்துப் பழகினவங்க. எழுத்து தெரியாதவங்களுக்கும் சிலுவையை இறக்கற காட்சி தெரியும், சிலுவையைச் சுமக்கற காட்சி தெரியும். அந்தப் பழக்கத்தை இந்த ஓவியர்கள் அப்படியே எடுத்துகிட்டாங்க. அதனால ஒரு உருவம் நிக்கற விதம் கொஞ்சம் விசேஷமா தெரிஞ்சா, எந்தச் சாமி படத்தோட சாயல்னு உடனே யோசிங்க.

கல்வித் துறைக் கட்டடத்துல, 1923லேர்ந்து 1928 வரைக்கும் ரிவேரா நூத்துக்கும் மேல பேனல் வரைஞ்ச இடம், கீழ்த்தளத்துல 'சுரங்கத்துக்குள்ள போறது', 'சுரங்கத்துலேர்ந்து வெளிய வர்றது'ன்னு ரெண்டு படம் இருக்கு. முதல் படத்துல சுரங்கத்துக்கு முட்டுக் கொடுக்கற கட்டையைத் தோள்ல சுமந்துகிட்டு கூலிக்காரங்க குனிஞ்சு இறங்கறாங்க, முதுகு மட்டும் தெரியுது, சிலுவையைச் சுமந்து கல்வாரி மலைக்குப் போற கிறிஸ்து மாதிரியே. ரெண்டாவது படத்துல ஒருத்தரு வெள்ளைத் துணியில ரெண்டு கையையும் அகல விரிச்சு நிக்கறாரு, சிலுவையில அறைஞ்ச அதே நிலை. ஆணி எதுவும் இல்ல, கங்காணி அவரு உடம்பைத் தடவிச் சோதனை போடறான், உள்ளேர்ந்து எதையாவது எடுத்துட்டு வந்துட்டானான்னு. பின்னாடி குழியிலேர்ந்து இன்னொருத்தரு ஏணியில ஏறி வர்றாரு, அடுத்தது அவருக்குத்தான். இந்த ஒரு படத்தை ஒரு பத்து நிமிஷம் வேற எதுவும் செய்யாம பாத்துகிட்டே இருங்க. தினமும் வேலை முடிஞ்சு சாயங்காலம் நடக்கற சாதாரண சோதனைதான், அதைக் கிறிஸ்து சிலுவையில பட்ட பாடுகளோட நிலையில வச்சதும் யாரு குத்தவாளின்னு கேள்வி திரும்பிடுது.

அந்தப் படத்துல முதல்ல ஒரு கவிதையும் எழுதியிருந்தாரு, கார்லோஸ் குத்தியேர்ரெஸ் குரூஸ் எழுதினது, உலோகத்தையெல்லாம் கத்தியா அடிச்சுக்கோன்னு சுரங்கத் தொழிலாளியைப் பாத்து சொல்ற வரி. பத்திரிகையெல்லாம் கத்துச்சு, வாஸ்கொன்செலோஸ் எடுக்கச் சொன்னாரு, எடுத்துட்டாங்க. வரி போச்சு, விரிச்ச கை அப்படியே நிக்குது, என்னைக் கேட்டா அந்தக் கைதான் கவிதையை விட உரக்கப் பேசுது.

இதே முறையை இன்னும் தூரம் கொண்டு போனது சாப்பிங்கோங்கற ஊர்ல. பெரிய பண்ணையா இருந்த இடத்தை விவசாயப் பள்ளியா மாத்தினாங்க, பண்ணையோட சர்ச்சுக்குள்ள 1924லேர்ந்து 1927 வரைக்கும் ரிவேரா வரைஞ்சாரு. பலிபீடம் இருக்க வேண்டிய சுவத்துல பூமியை ஒரு கர்ப்பிணிப் பொண்ணா படுக்க வச்சிருக்காரு. பக்கத்துச் சுவத்துல மண்ணுக்கடியில ரெண்டு உடம்பு சிவப்புத் துணி சுத்திக் கிடக்கு, ஒண்ணு சபாட்டா, இன்னொண்ணு அவரோட இருந்த ஓத்தீலியோ மொன்தான்யோ, அவங்களுக்கு மேல மக்காச்சோளம் பச்சையா நிக்குது. புனிதர்களோட எலும்பை சர்ச்சுல வச்சுக் கும்பிடற வழக்கம் இருக்கு இல்லையா, அதே இடத்துல இவங்க. இங்க நிலத்தைத்தான் சுரண்டக் கத்துக்குடுக்கறோம், மனுஷனை இல்லன்னு அந்தப் பள்ளியோட வாசகமும் ரிவேரா அங்கயே எழுதி வச்சிருக்காரு.

சாப்பாட்டு மேசையும் முகமும்

அதே கல்வித் துறைக் கட்டடத்துல மேல் மாடிக்கு ஏறுங்க. 1928 வாக்குல வரைஞ்ச பேனல்கள், எல்லாத்துக்கும் மேல சிவப்பு ரிப்பன் ஒண்ணு பேனல் பேனலா தாவி ஓடுது, அதுல கொர்ரிதோங்கற நாட்டுப்பாட்டு வரிங்க. சந்தையில பாடகன் நின்னு சம்பவத்தைப் பாட்டா சொல்ற வழக்கம் அது, படிக்கத் தெரிஞ்ச ஒருத்தன் வாய்விட்டுப் படிச்சா பக்கத்துல இருக்கறவனுக்கும் கேக்கும்.

அங்க ரெண்டு சாப்பாட்டு மேசையை ஒண்ணுக்கொண்ணு வச்சுப் பாருங்க. 'வால் ஸ்ட்ரீட் விருந்து'ல ராக்ஃபெல்லர், மார்கன், ஹென்றி ஃபோர்டுன்னு அமெரிக்கப் பெரும் பணக்காரங்க எல்லாரும் உக்காந்திருக்காங்க, தட்டுல சோறு கிடையாது, பங்கு விலை ஓடற நாடாதான், மேசை விளக்கு சுதந்திர தேவி சிலை வடிவத்துல இருக்கு. முகமெல்லாம் இறுகிப் போய், ஒருத்தரும் ஒருத்தரைப் பாக்கல. 'நம்ம ரொட்டி'ங்கற படத்துல ஒரு தொழிலாளி ரொட்டியைப் பிட்டுக் கொடுக்கறாரு, சுத்தி வயசானவங்க, குழந்தைங்க, பல நிறத்துல ஜனங்க, பின்னாடி தலையில பழக்கூடையோட ஒரு பொண்ணு நிமிந்து நிக்கறாங்க. ரொட்டியைப் பிட்டுக் கொடுக்கறவரோட முகம் நம்ம நாட்டு பாண்டுரங்க கான்கோஜேவோடதுன்னு சொல்வாங்க, வெள்ளைக்காரன் ஆட்சியை எதிர்த்து வெளிநாட்டு இந்தியர்கள் ஆரம்பிச்ச கதர் (Ghadar) கட்சியில இருந்தவரு, வெள்ளைக்காரனுக்குத் தப்பி மெக்ஸிகோ போய் சாப்பிங்கோல விவசாயம் சொல்லிக் கொடுத்த விஞ்ஞானி.

உயிரோட இருக்கற ஆளை, பேர் தெரிஞ்ச ஆளை, ஜாடை மாறாம வரையறது இவங்களோட முக்கியமான ஆயுதம். அதனால கூட்டத்துல ஒரு முகம் மட்டும் போர்ட்ரெய்ட் மாதிரி தெளிவா இருந்தா விடாதீங்க, பேரைத் தேடிக் கண்டுபிடிங்க. 'ஆயுதக் கிடங்கு' பேனல்ல சிவப்புச் சட்டையோட துப்பாக்கி கொடுக்கறது ஃப்ரீடா, ஓரத்துல தோட்டா பெல்ட்டோட நிக்கறது ஃபோட்டோகிராஃபர் தீனா மோதோத்தி. யாரோட சாயல் எந்தப் பக்கம் நிக்குதுன்னு பாத்தாலே ரிவேராவோட கூட்டாளிப் பட்டியல் கிடைச்சிடும்.

ஒரோஸ்கோவை இதே கண்ணோட பாக்காதீங்க

இங்க நிறைய பேரு சறுக்கறாங்க, மூணு பேரையும் ஒரே கட்சிக்காரங்களா நினைச்சுக்கறாங்க. ஹோசே க்ளெமென்தே ஒரோஸ்கோ புரட்சியைக் கிட்டத்துலேர்ந்து பாத்தவரு, கார்ட்டூன் வரைஞ்சு பழகின கை, சின்ன வயசுலயே வெடிமருந்து விபத்துல இடது கை போயிடுச்சு. ரிவேரா கூட்டத்தை வரைஞ்சு நம்பிக்கை கொடுத்தாரு, இவரு கூட்டத்தைப் பாத்தாலே பயந்தாரு.

சான் இல்டெஃபோன்சோல 1926ல வரைஞ்ச 'பதுங்குகுழி'யை எடுத்துக்குங்க. மூணே ஆளு. ஒருத்தன் பாறை மேல கை விரிச்சு சாஞ்சு கிடக்கறான், ஒருத்தன் அப்படியே சாயறான், ஒருத்தன் மண்டி போட்டு முகத்தைப் பொத்திக்கறான். எதிரி யாருன்னே காட்டல, கொடி கிடையாது, முகம் கூட சரியா தெரியாது. உடம்பும் துப்பாக்கியும் குறுக்கும் நெடுக்குமா போற கோடுங்கதான், பின்னாடி ரத்தச் சிவப்பு. எந்தப் பக்கம் ஜெயிச்சா என்ன, செத்தவன் இவன்தானேன்னு கேக்கற படம் அது. அதே கட்டடத்துல சட்டமும் நீதியும் குடிச்சுட்டு கைகோத்து ஆடற மாதிரியும் பணக்காரங்க விருந்து சாப்பிடக் கீழ தொழிலாளிங்க தங்களுக்குள்ளயே அடிச்சுக்கற மாதிரியும் வரைஞ்சாரு. 1924ல மாணவர்களே அந்தச் சுவரையெல்லாம் சேதப்படுத்தினாங்க, வேலையும் நின்னு போச்சு, 1926லதான் திரும்பி வந்து முடிச்சாரு.

குவாதலஹாரா கவர்னர் மாளிகைப் படிக்கட்டுல 1937ல அவரு வரைஞ்ச இடால்கோவைப் பாத்தா பயமாவே இருக்கும், பிரம்மாண்டமான கிழவர் தலைக்கு மேல தீப்பந்தத்தை வீசறாரு, கீழ ஜனங்க ஒருத்தரையொருத்தர் குத்திக் கொன்னுகிட்டிருக்காங்க. பக்கத்துச் சுவத்துல நாஜி ஸ்வஸ்திகா, அரிவாள் சுத்தியல், எல்லாச் சின்னமும் கோமாளிங்க கையில கிடக்கு. ஆக ஒரோஸ்கோ படத்துல எந்தக் கட்சின்னு தேடாதீங்க, யாரு யாரை ஏமாத்தறாங்கன்னு தேடுங்க. எனக்கு மூணு பேர்ல இவருதான் ரொம்ப நெருக்கம், ஏன்னா தன்னோட பக்கத்தையும் இவரு விட்டு வைக்கல.

அழிச்ச இடத்தைப் பாருங்க

ஒரு படம் எவ்வளவு தூரம் குத்துச்சுன்னு தெரியணும்னா அதுக்கு என்ன ஆச்சுன்னு கேளுங்க. 1932ல சிக்கேரோஸ் லாஸ் ஏஞ்சல்ஸ்ல இருந்தாரு. ஒல்வேரா ஸ்ட்ரீட்ல மெக்ஸிகோ சந்தை மாதிரி அலங்காரம் பண்ணி டூரிஸ்ட்டை இழுத்துகிட்டிருந்த இடம், அங்க ஒரு மாடிச் சுவத்துல 'வெப்பமண்டல அமெரிக்கா'ன்னு வரையச் சொன்னாங்க. கொடுத்தவங்க எதிர்பாத்தது பனைமரம், பழம், சந்தோஷமான ஜனங்க. அவரு காடும் இடிஞ்ச பிரமிடும் வரைஞ்சாரு, நடுவுல மட்டும் காலியா விட்டு வச்சாரு. திறப்புக்கு முந்தின ராத்திரி உதவியாளர்களை வீட்டுக்கு அனுப்பிட்டு அந்த இடத்துல ரெட்டைச் சிலுவையில ஒரு அமெரிக்கக் கண்டத்துப் பழங்குடி ஆளைக் கட்டித் தொங்க விட்டு, மேல அமெரிக்கக் கழுகை உக்கார வச்சுட்டாரு. அந்த வருஷங்கள்ல அமெரிக்காலேர்ந்து மெக்ஸிகோக்காரங்களைக் கூட்டம் கூட்டமா ரயில்ல ஏத்தி அனுப்பிகிட்டிருந்தாங்க, அதனால பாத்தவங்களுக்கு விளக்கமே தேவைப்படல. தெருவுலேர்ந்து தெரியற பகுதிக்கு சீக்கிரமே வெள்ளையடிச்சாங்க, அப்புறம் முழுசுக்கும். பல வருஷம் கழிச்சு வெயில்லயும் மழையிலயும் வெள்ளை உரிஞ்சு அந்த உருவம் மங்கலா திரும்பி வந்துச்சு, 2012ல கெட்டிங்கற (Getty) கலைப் பாதுகாப்பு நிறுவனமும் லாஸ் ஏஞ்சல்ஸ் நகராட்சியும் சேந்து பாதுகாத்து ஜனங்க பாக்கறதுக்குத் திறந்து விட்டாங்க.

நியூயார்க் ராக்ஃபெல்லர் சென்டர் கதை பல பேருக்குத் தெரியும், அதனால சுருக்கமா. 1933ல ரிவேரா வரைஞ்சுகிட்டிருந்த படத்துல லெனின் முகம் வந்துச்சு, எடுத்துட்டு யாரோ ஒரு சாதாரண ஆளோட முகத்தைப் போடுங்கன்னு அந்தக் குடும்பத்து நெல்சன் ராக்ஃபெல்லர் லெட்டர் எழுதினாரு, லெனினை எடுக்க மாட்டேன், வேணும்னா லிங்கனையும் சேக்கறேன்னாரு ரிவேரா. முழுப் பணத்தையும் கையில கொடுத்து மே மாசம் வேலையை நிறுத்தினாங்க, 1934 பிப்ரவரில சுவரையே கொத்தி எடுத்துட்டாங்க. அதே வருஷம் மெக்ஸிகோ சிட்டி பேயாஸ் ஆர்த்தெஸ் அரண்மனையில அதைத் திரும்ப வரைஞ்சாரு, இந்தத் தடவை நெல்சனோட அப்பா ராக்ஃபெல்லரையும் சேத்து. நீங்க அந்தப் படத்தைப் பாக்கும்போது இடது பக்கம் சீட்டாடற பணக்காரக் கூட்டத்துக்குள்ள தேடுங்க, மதுவிலக்குக்கு ரொம்ப காலம் பணம் கொடுத்த குடும்பத்து ஆளு கையில கிளாஸோட இருப்பாரு, தலைக்கு மேல நோய்க் கிருமிங்க. காசு கொடுக்கறவனுக்குத்தான் சுவரு சொந்தமா, வரைஞ்சவனுக்கா, பாக்கறவனுக்கான்னு அன்னிக்கு எழுந்த கேள்வி இன்னிக்கும் முடியல.

சொல்லாம விட்டதையும் இதே மாதிரி கேக்கணும். டெட்ராய்ட்ல ஃபோர்டு தொழிற்சாலையை வச்சு 1932, 1933ல ரிவேரா 27 பேனல் வரைஞ்சாரு, காசு ஹென்றி ஃபோர்டோட மகன் எட்செல் ஃபோர்டோடது. அந்த மெஷினுங்களோட அழகை வேற யாராலயும் அப்படி வரைய முடியாது. ஆனா அவரு வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி, 1932 மார்ச்ல, அதே ஃபோர்டு தொழிற்சாலை வாசல்ல வேலை கேட்டு ஊர்வலம் வந்தவங்களைச் சுட்டாங்க, ஆளுங்க செத்தாங்க. அது அந்தச் சுவத்துல இல்ல. எனக்கு ரிவேராவை ரொம்பப் பிடிக்கும், ஆனாலும் இது உறுத்துது.

இன்னொண்ணும் உறுத்துது. 1945ல மரியா இஸ்கியெர்தோங்கற ஓவியருக்கு மெக்ஸிகோ சிட்டில ஒரு அரசாங்கக் கட்டடத்துல ம்யூரல் வரைய காண்ட்ராக்ட் கொடுத்தாங்க, அவங்க வரைபடமெல்லாம் தயார் பண்ண அப்புறம் ரத்து பண்ணிட்டாங்க, அந்த அம்மாவுக்குத் திறமை பத்தாதுன்னு எதிர்ப்பு சொன்னவங்கள்ல ரிவேராவும் சிக்கேரோஸும் உண்டு. உழைக்கற ஜனங்களுக்காக வரைஞ்சவங்க ஒரு பொண்ணு சாரம் ஏறறதைத் தடுத்திருக்காங்க. அதனால அவுரோரா ரெயெஸ் 1936ல ஒரு பள்ளிக்கூடத்துல வரைஞ்ச 'கிராமத்து ஆசிரியை மேல தாக்குதல்'ங்கற ம்யூரலையும் கட்டாயம் தேடிப் பாருங்க, தரையில விழுந்து கிடக்கற டீச்சரை ஒருத்தன் தலைமுடியைப் பிடிச்சு இழுக்கறான், இன்னொருத்தன் துப்பாக்கிக் கட்டையால அடிக்கறான், பின்னாடி பசங்க ஒளிஞ்சு நின்னு பாக்கறாங்க. பெரிய தலைவர் ஒருத்தரும் இல்ல. வாஸ்கொன்செலோஸ் காலத்துலேர்ந்து கிராமத்துக்கு அனுப்பின வாத்தியார்களுக்கு அங்க என்ன நடந்துச்சுன்னு அந்தச் சுவரு சொல்லுது.

சிக்கேரோஸ் படத்துக்கு முன்னாடி நிக்காதீங்க, நகருங்க

அவருக்கு ஃப்ரெஸ்கோ பழசா பட்டுச்சு. தொழிற்சாலைத் தொழிலாளிக்கான படத்தைத் தொழிற்சாலைச் சாமான்லயே பண்ணணும்னு ஸ்ப்ரே கன், காருக்கு அடிக்கற பெயிண்ட், ப்ரொஜெக்டர், சிமெண்ட் எல்லாத்தையும் எடுத்துகிட்டாரு. 1936ல நியூயார்க்ல அவரு நடத்தின பட்டறையில பின்னாடி பேர் வாங்கின அமெரிக்க ஓவியர் ஜாக்சன் பொல்லாக் கூட வந்து வேலை செஞ்சாரு. 1939, 1940ல எலெக்ட்ரீஷியன் யூனியன் கட்டடத்துப் படிக்கட்டுல ஸ்பெயின் ஓவியர் ஹோசெப் ரெனாவ் மாதிரி ஆளுங்களோட சேந்து வரைஞ்ச 'பூர்ஷ்வாக்களின் உருவப்படம்'ல (பூர்ஷ்வான்னா முதலாளி வர்க்கம்) சுவரு எங்க முடியுது கூரை எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியாது, கிளி மூஞ்சியோட ஒருத்தன் மைக் முன்னாடி கத்தறான், நீங்க படி ஏறும்போது உருவமெல்லாம் கூடவே வளையுது. ஒரு இடத்துல நின்னு எடுத்த ஃபோட்டோல இது பிடிபடாது, வீடியோ தேடுங்க.

அவரோட ஒரே ஒரு படத்தைத்தான் பாக்க முடியும்னா சபுல்தெபெக் கோட்டையில இருக்கற 'டியாஸ் ஆட்சியிலேர்ந்து புரட்சி வரைக்கும்' படத்தைப் பாருங்க. ஒரு சுவத்துல சர்வாதிகாரி டியாஸ் அரசியல் சட்டப் புத்தகத்து மேல காலை வச்சு உக்காந்திருக்காரு, எதிர்ல பொண்ணுங்க ஆடறாங்க. இன்னொரு பக்கம் 1906 கனனேயா செப்புச் சுரங்க ஸ்ட்ரைக், அமெரிக்க முதலாளியும் ஒரு தொழிலாளியும் மெக்ஸிகோ கொடியை ஆளுக்கொரு பக்கம் பிடிச்சு இழுக்கறாங்க, சக தொழிலாளிங்க செத்தவரைத் தோள்ல தூக்கிட்டு வர்றாங்க. 1957ல ஆரம்பிச்ச வேலை இது, கொடுத்தது அரசாங்கம். 1960ல அதே அரசாங்கம் 'சமூகச் சீர்குலைவு'ன்னு ஒரு சட்டப் பிரிவுல அவரைப் பிடிச்சு லெக்கும்பெர்ரி ஜெயில்ல போட்டுச்சு, அப்ப நடந்த ஸ்ட்ரைக்ல கைதானவங்களை விடச் சொல்லிப் பேசினதுக்காக. நாலு வருஷம் அந்தச் சுவரு பாதியில நின்னுச்சு. 1964ல வெளிய வந்தாரு, அறுபத்தேழு வயசு, திரும்பவும் அதே சுவத்துக்குப் போய் சாரம் ஏறி 1966ல முடிச்சாரு. அங்க போகக் கிடைச்சா கனனேயா பக்கத்துலேர்ந்து ஆரம்பிச்சு அந்த ஊர்வலத்தோட கூடவே மெல்ல நடந்து போங்க, முன்வரிசையில வர்றவங்க கண்ணு உங்க கூடவே திரும்பும்.